வாசலுக்குக் கீழே இருபத்திரண்டு ஷீட்

1

இன்று மார்ச் 14, 2026, சனிக்கிழமை. சென்ற ஆண்டு இதே தேதியில், மெல்பர்ன் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்ப் பலகைகளை அகற்றினார்கள். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ‘காலை 7.40, இருவர் வந்தனர்’ என்று தொடங்கி, ‘மாலை 4.15, சான்றிதழ் கையில்’ என்று முடித்திருக்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தையும், அதற்குப் பிறகு நான் பிறந்த இரும்புலியூரில் நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இதில் ஆறுதல் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொட்டகையைத் தனக்கு ஓர் அறையாக மாற்றித் தரும்படி என் மகள் யாழினி கேட்டாள். எங்கள் வீடு எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அந்தக் காலத்து வீட்டில் ஆணி அடிப்பதற்கு முன்னால்கூடக் கல்நார் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே வழக்கம். பரிசோதகர் ஒருவர் வந்தார். சுவரில் ஒரு மூலையில் தண்ணீர் தெளித்தார். நகக்கண் அளவு துண்டைப் பெயர்த்து ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டார். “பார்த்தாலே தெரியாதா?” என்று கேட்டேன்.

“என் அப்பாவும் இதே வேலைதான் செய்தார். அவராலும் கண்ணால் சொல்ல முடியாது. நுண்ணோக்கிதான் சொல்லும். இந்த வயசு வீட்டில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

இருந்தது. அகற்ற வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகத்தை முழுக்க மூடிய கவசம். பலகைகளைத் தண்ணீரில் நனைத்தார்கள், ஆணியை மெதுவாகப் பிடுங்கினார்கள், ஒன்றுகூட உடையாமல் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டினார்கள். அதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதற்கு ஒரு படிவம், போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு ரசீது. அண்டை வீட்டாருக்கு முந்திய நாளே அறிவிப்பு. நான் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சன்னலைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சாம்பல் நிறம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த நிறத்தின் கீழ்தான் நான் வளர்ந்தேன்.

2

அடுத்த வாரம் மருத்துவரிடம் போனேன். இருமல் ஒன்றும் இல்லை. பயம்தான். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இதற்கு முன் கல்நார்த் தூசுக்கு உட்பட்டதுண்டா? எங்கே, எந்த ஆண்டுகளில்?’ பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

நான் மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறவன். இரண்டு வரி போதவில்லை, தனித்தாள் கேட்டு வாங்கி எழுதினேன். 1988 ஜூன்: மொட்டை மாடியில் அப்பா ஷீட் ரூம் போட்டது. கொத்தனார் ரம்பத்தால் அறுக்க, ஷீட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். முழங்கைவரை மாவு பூசினதுபோல் தூள். கொடியில் காயும் துணியில் படுகிறது என்று அம்மா சத்தம் போட்டாள். எங்கள் மூச்சைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் தெரியாது. பிறகு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் நிறுத்தம். குளியலறைத் தடுப்பு. நாங்கள் போன கல்யாணங்களில் பாதிக்கு மேல் பந்தி நடந்த கூடம். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

மருத்துவர் இளம்பெண். தாளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இப்போது செய்ய எதுவும் இல்லை, குறித்துவைக்கிறேன். இது வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும்” என்றாள். பிறகு, “அந்த அறை இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டாள்.

இருந்தது. அதில் என் தங்கை கலாவதி பத்தொன்பது வருடமாகப் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மெஷின். அவள், அவள் மகள் சுதா, தெருவிலிருந்து வரும் இரண்டு பெண்கள். மின்விசிறி மாட்ட, கம்பி இழுக்க, மழைக்குப் பிறகு ஆணி மாற்ற என்று அந்த ஷீட்டில் போட்ட ஓட்டைகளுக்குக் கணக்கில்லை.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் கலாவுடன் பேசுவது வழக்கம். அந்த ஞாயிறு விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணா, ஷீட்டுதானே? அப்பா போட்டது. அதுக்கு இன்னா இப்போ?”

“அந்தத் தூள் மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடும் கலா. முடியை விட மெல்லிசு, கண்ணுக்குத் தெரியாது. கரையாது. கேன்சர்ல கொண்டுபோய் விடும்.”

“யாருக்கு வந்துகீது நம்ம தெருவுல?”

பின்வீட்டு மேஸ்திரியின் நினைவு எனக்கு வந்தது. ஊரில் பாதி ஷீட்டை அறுத்தவர் அவர். கடைசி இரண்டு வருடம் படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்து இறந்தார்.

“மேஸ்திரிக்கு?”

“அவருக்கு டி.பி.ண்ணா.”

“டி.பி. மாத்திரை முழுசா சாப்பிட்டாரே, கேட்டுச்சா?”

 மேஸ்திரிக்கு வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவளைப் பயமுறுத்த ஒரு சாவு தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படித்த எல்லாவற்றிலும் இது இருந்தது: உடையாத, அறுக்காத, துளை போடாத ஷீட் அதிகம் தூள் விடுவதில்லை. மேலே வண்ணம் பூசி, தொந்தரவு செய்யாமல் விட்டாலே பாதி ஆபத்து போய்விடும். மெஷின்களைக் கீழே இறக்கிவிட்டு, மாடி அறையைப் பூட்டிவை என்று மட்டும் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்த காட்சி கண்ணிலேயே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து போனதுபோல அங்கேயிருந்தும் போக வேண்டும் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் விடாமல் சொன்னேன். கலாவின் கணவர் செல்வம் திருமுடிவாக்கத்தில் இரும்புக் கூரைச் சட்டம் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். சிரிக்காமல் பேச்சை முடிக்கமாட்டார். செப்டம்பரில் அவரே போனை வாங்கி, “மச்சான், உன் தொல்லை தாங்கல. தகர ஷீட்டு சொல்லிட்டேன். பழசை எறக்குறதுக்கு இன்னா முறையோ அனுப்பு” என்றார்.

அனுப்பினேன். பதினொரு குறிப்புகள், எண்ணிட்டு, தமிழில். இங்கே கொடுத்த வழிகாட்டியைப் பார்த்து எழுதியது.

“படிக்கவே ஒரு நாள் லீவு போடணும் போலக்கீதே மச்சான்” என்று பதில் வந்தது.

4

சென்ற ஜனவரி 10, சனிக்கிழமை, பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். யாழினி வரவில்லை. “அங்கே வந்தால் என்னிடம் எல்லாரும் அதே மூன்று கேள்விதான் கேட்கிறார்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். வீட்டில் நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது எப்போது தொடங்கியது என்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தேதியையும் எழுதிவைத்தவன் அதை எழுதவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்பித் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் தார் போடும்போதெல்லாம் சாலை ஒரு சாண் ஏறும், வீடுகள் ஒரு சாண் இறங்கும். கேட்டைத் திறந்து பள்ளத்தில் கால் வைத்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். நவம்பர் மழைக்குத் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வாசலில் வந்து நிற்கும். இப்போது கேட்டின் வெளியே தார் விளிம்பிலிருந்து உள்ளே வாசற்படிவரை ஒரே மட்டம். மேலே சிவப்பு மண், அதன்மேல் கோலம்.

“வாசலை ஒசத்திட்டீங்களா மாப்ளே!” என்று சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

செல்வம் என் பெட்டியை வாங்கிக்கொண்டே, “இந்த வருஷம் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. எல்லாம் உன் புண்ணியம் மச்சான்” என்றார்.

“நான் என்ன செஞ்சேன்?”

“உன் ஷீட்டுதான் கீழ கீது. இருபத்திரண்டு ஷீட்டும்.”

எனக்கு உடனே புரியவில்லை. கலா விளக்கினாள். அவள் முகத்தில் பெருமை.

“நீ சொன்னபடிதாண்ணா செஞ்சோம். மூக்குல துணி கட்டிக்கினு, தண்ணி ஊத்தி, ஒண்ணுகூட உடையாம இறக்கினாரு இவரு. செப்டம்பர் இருபது, சனிக்கிழமை. நீ தேதி கேப்பேன்னு காலண்டர்ல குறிச்சு வெச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் கீழ வெச்சு உடைச்சோம். பெருசா போட்டா மண்ணு உக்காராதுல்ல? நானு, சுதா, தைக்கற பொண்ணுங்க ரெண்டு பேரு. சுத்தியால நுணுக்கி, திம்ஸுக் கட்டையால இடிச்சு நல்லா கெட்டிச்சோம். ரெண்டு நாளு கை வலி.”

“தண்ணி ஊத்தினீங்களா, உடைக்கும்போது?”

கலா யோசித்தாள். “எறக்கறதுக்குத்தானே ஊத்தச் சொன்ன?”

நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன். ஒன்பதாவது குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா என்றேன். செல்வம் சிரிக்காமல் பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“படிச்சேன் மச்சான். ‘அகற்றியதை அனுமதி பெற்ற இடத்தில் ஒப்படைக்கவும்’னு போட்டிருந்த. எங்க கீது அது? குப்பை வண்டிக்கார அம்மாகிட்ட கேட்டேன், கட்டட சாமானெல்லாம் ஏத்தமாட்டேன்னுடுச்சி. ஏரிக்கரைல கொட்டச் சொன்னான் ஒருத்தன். உனக்குப் புடிக்காதேன்னுதான் கொட்டல. வூட்டு சாமான் வூட்டோடவே இருக்கட்டும்னு பள்ளத்துல போட்டேன். இந்த ஊர்ல எவன் வூட்டை இடிச்சாலும் அதத்தான் செய்வான். உனக்குத் தெரியாதா?”

தெரியும். எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இடித்த சுவர், உடைந்த ஓடு, எதுவானாலும் பள்ளத்தை நிரப்பத்தான் போகும். கட்டட இடிபாடு ஒரு லோடு கிடைத்தால் அதற்குப் போட்டி நடக்கும் தெரு அது. அங்கே பிறந்து முப்பது வருடம் இருந்தவன், மெல்பர்ன் நகராட்சியின் ஒரு வரியைத் தமிழாக்கி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்திருக்கிறேன்.

கலா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். “ஷீட்டு விஷம்னு எங்கண்ணன் சொல்லுதுன்னு நானு தெருவுல சொன்னேனா... எதுத்த வூட்லயும் கடைசி வூட்லயும் எடுத்துட்டாங்க. தெருக்கோடியில தண்ணி நிக்குமே, அங்க போட்டாங்க. இப்ப பஸ்ஸுக்கு அந்த வழியாத்தான் எல்லாம் நடக்குது.”

சொல்லும்போது கையில் துடைப்பம் வைத்திருந்தாள். தினமும் காலையில் கூட்டுகிற வாசல். சிவப்பு மண்ணில் ஆங்காங்கே சாம்பல் நிறச் சில்லுகள் தலைகாட்டின.

5

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அது கல்நாராக இல்லாமல் இருக்கலாம். ஊரில் நெளி நெளியாக இருக்கும் எல்லாச் சிமெண்ட் ஷீட்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள். வேறு நார் போட்டதும் விற்கிறது. ஒரு சில்லை நனைத்து எடுத்து, இரண்டு பைக்குள் போட்டு, கட்டடப் பொருள் சோதிக்கும் ஒரு கூடத்துக்குப் போனேன்.

அங்கிருந்தவர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எவ்ளோ வெயிட் தாங்கும்னு பாக்கணுமா சார்?”

“உள்ள கல்நார் இருக்கான்னு பாக்கணும்.”

“ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னா சார்?” என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர். வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் ஆய்வகத்தின் முகவரியை அவரே தேடிக் கொடுத்தார்.

ஆபத்தான கழிவை வாங்கும் ஓர் இடத்துக்கும் போன் செய்தேன். எந்தத் தொழிற்சாலை, பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். வீடு என்றேன். “வீட்டுக்குன்னு எங்ககிட்ட ஃபார்ம் இல்லையே சார்” என்றார் அந்தப் பெண். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஆய்வக முடிவு பிப்ரவரியில், நான் மெல்பர்ன் திரும்பிய பிறகு வந்தது. இருந்தது.

அதைத் தோண்டி எடுக்கக்கூடாது, எடுத்தால் மறுபடியும் தூள் கிளம்பும். மேலே கான்கிரீட் போட்டு மூடுவது ஒன்றுதான் வழி. உள்வாசலையும், கேட்டின் வெளியே தார்வரை நிரப்பியதையும் சேர்த்து மூடிவிட்டால் கலாவும் சுதாவும் தினம் அதைக் கூட்டிச் சுவாசிக்க வேண்டியதில்லை. ஷீட்டை உடைத்த நாளை மாற்ற முடியாது. இனி வரும் நாட்களையாவது காப்பாற்றலாம். கலா ஒத்துக்கொண்டாள். கொத்தனார் ஒருவர் வருவதாகச் சொன்னார். வந்து பார்த்துவிட்டு, வேலை தொடங்காமலே போய்விட்டார். மதில் சுவரில் யாரோ மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடும் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். மழைநீர்க் கால்வாய் வருகிறது. கேட்டின் வெளியே, தாருக்கும் மதிலுக்கும் நடுவே, தெரு நெடுகத் தோண்டப்போகிறார்கள்.

“தோண்டப்போற எடத்துல எதுக்குக்கா கான்கிரீட்டு?” என்று கேட்டாராம் கொத்தனார். நியாயம்தான்.

உள்வாசலையாவது மூடச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகவே போடலாம், கால்வாய் முடிந்ததும் வருகிறேன் என்றார். கால்வாய் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அந்த ஊர் மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, ஒரு எண்ணோடு.

6

சென்ற சனிக்கிழமை, மார்ச் 7, இங்கே மாலை நான்கு மணி. அங்கே காலை பத்தரை. கலா வீடியோவில் அழைத்தாள். சனிக்கிழமையில் அழைக்கமாட்டாள்.

“அண்ணா, ஜேசிபி வந்துச்சு” என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கை இறுக்கிக் கட்டியிருந்தாள். போனைச் சுதாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். இயந்திரம் கடைசி வீட்டிலிருந்து எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவள் தன் வாசலுக்கு முன்னால் மண்ணை நனைக்கத் தொடங்கினாள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, செடியா கீது, தண்ணி ஊத்தினுகீற?”

“தூளு வரும்ப்பா. நனைஞ்சப்புறம் தோண்டு. அது விஷம்.”

“சேறாயிடும்க்கா. தள்ளிக்கோ.”

ஐந்து நிமிடம் இருக்கும். குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. “மேல் டேங்க் காலி. காலையிலேர்ந்து கரண்ட் இல்ல மாமா, தோண்டறதுக்காக லைனை ஆஃப் பண்ணிட்டாங்க” என்றாள் சுதா. மோட்டார் ஓடாது. வீட்டிலிருந்த இரண்டு குடத்தையும் கலா கொண்டுவந்து ஊற்றினாள். நனைந்தது ஒரு பாய் விரிக்கிற அளவு. பிறகு இயந்திரத்தின் கை இறங்கியது. முதல் வாரலிலேயே சாம்பல் நிறம் மேலே வந்தது. காய்ந்த மண்ணோடு சேர்ந்து ஒரு புகை எழுந்து, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, மதிலைத் தாண்டி உள்ளே போனது.

“சுதா, உள்ள போ! கதவைச் சாத்து!” என்று கத்தினேன். அவள் போகவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஆடியது.

தோண்டிய மண் குவியலாகக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓர் இரும்புச் சட்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், சாக்கோடு.

“எடுக்காதீங்க! அது அந்த ஷீட்டு மண்ணு!” என்றாள் கலா.

“உங்க வூட்டு முன்னாடி கெடந்தப்போ நல்ல மண்ணு, எங்க வூட்டுக்கு வந்தா விஷமாக்கா?” என்று சிரித்துக்கொண்டே அள்ளினார் அவர். “கெட்டியான மண்ணு. நிரப்பினா அசையாது.”

கலா அவரைத் தடுக்கவில்லை. அவள் என்ன சொல்ல முடியும்? போன வருடம் அவர் வீட்டு ஷீட்டைக் கழற்றவைத்ததும் அவள் சொன்ன சொல்தான்.

அரை மணி நேரத்தில் இயந்திரம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. கலா உள்ளே வந்து, முகத்திலிருந்த தலைப்பை அவிழ்த்து உதறினாள். உதறாதே என்று சொல்வதற்குள் உதறிவிட்டாள். படியில் உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டாள். புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“அண்ணா, இது வெளிய தெரிய எத்தினி வருஷம் ஆவும்?”

“வராமலும் போகலாம் கலா. எல்லாருக்கும் வராது.”

“வந்தா?”

“இருபது வருஷம். நாப்பதுகூட ஆகலாம்.”

விரல் விட்டு எண்ணாமல் மனதுக்குள்ளேயே கூட்டினாள். “எனக்கு அம்பத்தொண்ணு. அப்ப எழுவது, தொண்ணூறு. போவட்டும், அதுக்குள்ள வேற எதனா வந்துரும்” என்று சிரித்தாள்.

பக்கத்தில் சுதா, தலைமுடியில் படிந்திருந்ததைக் கையால் தட்டிக்கொண்டு நின்றாள். கலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். 

“இவளுக்கு இருவத்தாறு” என்றாள்.

  போனைப் படிமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். வெகுநேரம் எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. பிறகு துடைப்பத்தின் சத்தம் கேட்டது.